அரிய ராஸ் மீன்கள்: பெயர் பிடிபட்டால் பாதி வளர்ப்பு முடிந்தது

ராஸ் என்பது கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படும் வண்ணமயமான மீன் குடும்பம். மாலத்தீவுக் கடலில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும், அதன் ஃபேரி ராஸ் வகையைச் சேர்ந்த ஒரு மீன், பல ஆண்டுகளாக சிர்ரிலாப்ரஸ் ரூப்ரிஸ்குவாமிஸ் என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. அந்தப் பெயர் உண்மையில் வேறொரு மீனுக்குரியது. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சை வைத்து 1983-இல் சூட்டிய பெயர் அது. அந்தக் குஞ்சு வளர்ந்து ஆணானால் எப்படியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மாலத்தீவில் வண்ணமயமான பெரிய ஆண்களைக் கண்டவர்கள், குஞ்சின் வளர்ந்த வடிவம் இதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் யி-காய் டீ, அகமது நஜீப் உள்ளிட்ட மீன் ஆய்வாளர் குழுவினர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். ஆண்களின் நிறம், முதுகுத் துடுப்பு முட்களின் உயரம், செதில் எண்ணிக்கை மூன்றுமே வேறுபட்டன. மாலத்தீவு மீன் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்ற புதுப் பெயர் பெற்றது.

குஞ்சை வைத்துப் பெயர் சொல்வது, நிறத்தை நம்புவது, பிடித்த இடத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது: ராஸ் வளர்ப்பவர்கள் சறுக்கும் மூன்று இடங்களும் இந்த ஒரு வரலாற்றிலேயே இருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு அது ஒரு திருத்தக் கட்டுரையோடு முடிந்துவிடும். தொட்டி வைத்திருப்பவருக்கு அப்படி முடியாது. மணலில் புதைந்து தூங்கும் மீனை வெறுந்தரைத் தொட்டியில் விட்டால் அது இரவெல்லாம் கண்ணாடியில் மோதும். நெருங்கிய இரண்டு இனங்களின் ஆண்களை வேறு வேறு என்று நினைத்துச் சேர்த்தால் ஒன்று மூலையில் ஒடுங்கும், அல்லது தொட்டிக்கு வெளியே கிடக்கும். என்ன மீன் என்பது தெரிந்தால்தான் மணல், மூடி, கூட்டாளி, உணவு, மருந்து ஐந்தையும் முடிவு செய்ய முடியும்.

'அரிய' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் அரிதாக வரும் ராஸ்களில் பல, வாழும் இடத்தில் கூட்டங்கூட்டமாக இருப்பவை. மார்ஷல் தீவுகளின் குவாஜலைனிலிருந்து விவரிக்கப்பட்ட சிர்ரிலாப்ரஸ் ரோம்பாய்டாலிஸ் 40 மீட்டரளவு ஆழத்திலும் அதற்குக் கீழும் இருப்பதால், அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் வேண்டும். ஹவாயில் மட்டுமே வாழும் சிர்ரிலாப்ரஸ் ஜோர்டானியின் வரத்து சுருங்கியதற்குச் சட்டம் காரணம்: சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அலங்கார மீன் பிடிப்புக்கு உரிமம் தரக்கூடாது என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. தான்சானியாவின் சான்சிபார் அருகே 50 முதல் 80 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டு 2019-இல் விவரிக்கப்பட்ட சிர்ரிலாப்ரஸ் வகாண்டாவுக்கோ ஆழமும் தொலைவும் சேர்ந்துகொண்டன. விலை உயர்ந்தது என்பதால் மீன் மென்மையானது என்றோ, வளர்க்கக் கடினமானது என்றோ பொருளில்லை. ரோம்பாய்டாலிஸ் ஒருமுறை தீனி பிடித்துவிட்டால் சாதாரண ஃபேரி ராஸ் போலவே வாழும். மலிவான லெபர்ட் ராஸ்தான் ஆளைச் சோதிக்கும்.

முதலில் பேரினம்

ராஸ் குடும்பத்தில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பவளங்களோடு மீன் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்காரர் நாடும் அரியவை பெரும்பாலும் சில பேரினங்களுக்குள் அடங்கிவிடும். சிர்ரிலாப்ரஸ் என்பது ஃபேரி ராஸ். பாராகைலினஸ் என்பது ஃப்ளாஷர் ராஸ். இரண்டும் நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்பவை. இரண்டும் மணலில் புதைவதில்லை. பாறை இடுக்கில் ஒதுங்கித் தூங்கும். பல இனங்கள் தம்மைச் சுற்றி ஒரு சளிப்பையைச் சுரந்துகொள்ளும். காலையில் அந்தச் சளி பாறையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நோய் என்று பதற வேண்டாம். மாக்ரோஃபாரிங்கோடான் எனப்படும் லெபர்ட் ராஸ், அனாம்ப்சிஸ், சூடோஜுலாய்டிஸ் எனப்படும் பென்சில் ராஸ், ஹாலிகோரிஸ் இவையெல்லாம் மணலில் புதைந்து தூங்கும் கூட்டம்.

ஃபேரியையும் ஃப்ளாஷரையும் குழப்பிக்கொள்வது அதிகம். பெண்களும் குஞ்சுகளும் அவ்வளவு ஒத்திருக்கும். தெளிவான படம் இருந்தால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணிவிடலாம். சிர்ரிலாப்ரஸுக்கு 11, பாராகைலினஸுக்கு 9. கண்ணை நெருங்கிப் பார்த்தால் இரண்டு பேரினங்களிலும் ஒரு விந்தை தெரியும்: கருமணிக்கு முன்னுள்ள ஒளிபுகு படலம் நடுவில் தடித்து இரண்டாகப் பிரிந்திருப்பதால் கருமணி இரண்டுபோல் தோன்றும். சிக்ஸ்லைன் ராஸ் முதலிய சூடோகைலினஸ் மீன்களுக்கும் இது உண்டு. லெபர்ட் ராஸுக்குக் கிடையாது. ஆகவே கடைப்படத்தில் கண் தெளிவாக இருந்தாலே, மணல் வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கு அநேகமாக விடை கிடைத்துவிடும்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது

ராஸ்கள் பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறுபவை. குஞ்சு, பெண், மாறிக்கொண்டிருப்பது, முழு ஆண் என்று ஒரே இனத்துக்கு நான்கு தோற்றம். முழு ஆணிடமும் நிறம் ஒன்றாக நிற்பதில்லை. பெண்ணைக் கண்டாலோ எதிராளியைக் கண்டாலோ சில நொடிகளில் உடலில் வெள்ளிக் கோடுகளும் நீலமும் பாய்ந்து, அடுத்த நொடி பழைய நிறத்துக்குத் திரும்பும். விற்பனைப் படங்கள் அந்த உச்ச நொடியில் எடுத்தவை. பையில் வந்து இறங்கும் மீன் மங்கிய செம்பழுப்பில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு 'வேறு மீனை அனுப்பிவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்பிட வேண்டியது துடுப்பின் வடிவத்தை.

விளக்கும் தன் பங்குக்குக் குழப்பும். பல ஃபேரி ராஸ்கள் நீல ஒளியை வாங்கி ஆழ்சிவப்பாக ஒளிர்பவை. சிர்ரிலாப்ரஸ் சோலோரென்சிஸ் ஆண்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து எதிர்வினை காட்டுகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீல எல்.இ.டி. மட்டும் எரியும்போது எடுத்த படத்தில் மஞ்சள் ஆரஞ்சாகும், பழுப்பு சிவப்பாகும். அடையாளத்துக்கு எடுக்கும் படம் 6500 கெல்வின் அளவிலான வெள்ளை ஒளியில் இருக்கட்டும்.

துடுப்புகள் மூடியிருக்கும் படமும் உதவாது. அதற்கு எளிய வழி, கண்ணாடிக்கு வெளியே கைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைப்பது. ஆண் தன் பிம்பத்தைப் பார்த்து எல்லாத் துடுப்புகளையும் விரிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், மீன் களைத்துவிடும். அப்போது வீடியோ எடுத்து, முழுப் பக்கவாட்டில் நிற்கும் கட்டத்தைத் தனியாக வெட்டிக்கொண்டால் போதும். வால், முதுகுத் துடுப்பின் முன்பகுதி, வயிற்றுத் துடுப்பு, குதத்துடுப்பு நான்கும் தெரிய வேண்டும்.

துடுப்பைப் படிக்கும் முறை

ஃபேரி ராஸில் முதலில் பார்க்க வேண்டியது வால். சிர்ரிலாப்ரஸ் லூனாட்டஸ், ஜான்சோனி போன்றவற்றின் ஆண்களுக்குப் பிறைபோல் உள்வாங்கிய வால். லான்சியோலாட்டஸ், ரோசியஃபாசியா, மொரீஷியஸின் சாங்குவினியஸ் ஆகியவற்றில் நடுக்கதிர்கள் நீண்டு வேல்முனைபோல் கூர்மையாகும். ரோம்பாய்டாலிஸுக்குச் சாய்சதுர வடிவம். பெண்ணுக்கும் குஞ்சுக்கும் இவற்றில் எதுவும் இருக்காது, எல்லாம் வட்டவால். அதனால் வட்டவாலைப் பார்த்து இனம் சொல்ல முயல வேண்டாம். வால் நடு சற்றே நீளத் தொடங்கிவிட்டது என்றால் மீன் ஆணாகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதுகுத் துடுப்பின் முதல் முட்கள். செங்கடலின் சிர்ரிலாப்ரஸ் ரூப்ரிவென்ட்ராலிஸை ஒட்டிய குழுவில் ஆண்களுக்கு முதல் முட்கள் கொடிக்கம்பம்போல் உயர்ந்திருக்கும், வயிற்றுத் துடுப்பும் நீளம். சுமத்ராவின் ஜோவனல்லனேயில் அந்த வயிற்றுத் துடுப்பு கறுப்பு. இலங்கை, மாலத்தீவுப் பகுதியிலிருந்து வந்தவையும் முன்பெல்லாம் ரூப்ரிவென்ட்ராலிஸ் என்றே விற்கப்பட்டன. 2016-இல் அவை சிர்ரிலாப்ரஸ் ரூபியஸ் என்றும், கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைப்பவை ஆஃப்ரிக்கானஸ் என்றும் பிரிக்கப்பட்டன. பழைய பட்டியல்களையும் பழைய பராமரிப்புக் குறிப்புகளையும் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். இந்தக் குழுவின் இரண்டு ஆண்கள், எந்தப் பெயரில் வந்திருந்தாலும், 400 லிட்டர் தொட்டியில் ஒன்றாக இருக்க ஒப்பாது.

ஃப்ளாஷர் ராஸில் ஆட்டம் வேறு. முதுகுத் துடுப்பின் மென்கதிர்கள் நூலாக நீள்வது இவற்றின் அடையாளம். ஆனால் நூல்களை எண்ணிப் பெயர் வைப்பதுபோல் ஆபத்தான வேலை வேறில்லை. இளம் ஆணுக்குக் குறைவாக இருக்கும், வலையில் முறியும், முறிந்தது மறுபடி வளரும். மெக்காஸ்கெரி ஆணுக்குப் பொதுவாக ஒரே நூல். குதத்துடுப்பு நல்ல சிவப்பு. இந்த இரண்டாவது குறி முதலாவதைவிட நம்பத்தக்கது. செங்கடலுக்கே உரிய ஆக்டோடேனியாவுக்கும், இந்தோனேசியாவின் தெற்கு ஃப்ளோரஸிலிருந்து 2013-இல் விவரிக்கப்பட்ட ரென்யேவுக்கும் நூலே கிடையாது. ஆகவே நூலில்லாத ஆண் ஃப்ளாஷர் வந்தால் நூல் உடைந்த மீன் என்று ஒதுக்குமுன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வாலின் வடிவம், குதத்துடுப்பின் நிறம், உடலில் கோடுகள் முழுதாக ஓடுகின்றனவா புள்ளிகளாக உடைகின்றனவா என்பது, இந்த வரிசையில் பார்த்தால் குழப்பம் குறையும்.

பிடித்த இடம் இவ்வளவு கை கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மரபணு ஆய்வுகளின்படி ஃபேரி ராஸ்களின் வம்சம் சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸைச் சூழ்ந்த பவள முக்கோணக் கடலில் பிரிந்தது. இன்றுள்ள இனங்களில் பெரும்பகுதி கடந்த 20 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்குள், கடல்மட்டம் ஏறி இறங்கி நீர்ப்பரப்புகள் துண்டுபட்டபோது உண்டானவை. அதனால் நெருங்கிய இனங்கள் ஆளுக்கொரு கடலில் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்றுமதி நாடு என்று பெட்டியில் எழுதியிருப்பது மீன் பிடித்த கடலாக இருக்கும் என்று உறுதியில்லை. ஒரு நாட்டில் பிடித்தது இன்னொரு நாட்டின் கிடங்கு வழியாக வரும். கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே பிடித்தது?' என்பதே. இரண்டு இனங்களின் எல்லை உரசும் இடங்களில் கலப்பினங்களும் இயற்கையாகவே உண்டு, ஃப்ளாஷரில் அதிகம். எந்தப் பெயருக்கும் முழுதாகப் பொருந்தாத ஆண் வந்தால் அது புதிய இனம் என்று கொண்டாடுவதைவிடக் கலப்பு என்று எண்ணுவதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வாங்கும் நேரம்

ஆழத்திலிருந்து வந்த மீனில் காற்றுப்பையைக் கவனியுங்கள். அவசரமாக மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து காற்றுப்பை விரியும். வால் மேலே தூக்கித் தலை கீழாக ஓயாமல் உந்திக்கொண்டிருக்கும் மீன், நின்றால் மேலே மிதந்துவிடும் மீன், குதத்தருகே சதை பிதுங்கிய மீன், மூன்றையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு அரிதானாலும். சிலது தேறும், பல தேறாது. லெபர்ட் ராஸில் பார்க்க வேண்டியது வாய். புதைய இடம் தேடிப் பையின் மூலையில் மூக்கால் குத்திக் குத்தி உதடு கிழிந்திருக்கும். கிழிந்த உதட்டோடு நுண்ணிரையைக் கொத்த முடியாது. காயம் அழுகிப் போனால் மீளாது. முதுகின் மேல்பக்கம் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் நெடுநாள் பட்டினி என்று பொருள். வயிறு ஒட்டுவது இரண்டு நாளில் சரியாகும், முதுகுச் சதை கரைந்தது அப்படியல்ல.

வந்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டு நீர் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அந்த அமிலத்தன்மையில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவாகத் தீங்கில்லாமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். எனவே மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியின் உப்புச் செறிவைப் பையின் நீருக்கு ஏற்ப முன்கூட்டியே அமைத்துவைத்து, மீனை மட்டும் எடுத்து மாற்றுங்கள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக ஒப்படர்த்தி 1.025-க்குக் கொண்டுவரலாம்.

தனிமைத் தொட்டி

இந்தக் கட்டத்தில்தான் அதிக மீன்கள் போகின்றன. பாதி நோயால், பாதி மருந்தால். ஃபேரி, ஃப்ளாஷர்களுக்கு 80 லிட்டர் தொட்டி, முன்பே பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய மூன்று நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். மேலே வலை கட்டாயம். மணலில் தூங்குபவற்றுக்கு 20 x 15 சென்டிமீட்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 5 முதல் 7 சென்டிமீட்டர் மணல் வையுங்கள். ஒட்டுண்ணிகளைக் கொல்லும் காப்பர் (செம்பு) மருந்து போடப்போகிறீர்கள் என்றால் அது அரகோனைட் மணலாக இருக்கக்கூடாது. சுண்ணாம்பு மணல் காப்பரை உறிஞ்சி அளவைக் கீழே இழுக்கும், நாம் மேலும் ஊற்றுவோம், பிறகு எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. சிலிக்கா மணல் அந்தச் சிக்கலைத் தராது.

ராஸ்கள் காப்பரைத் தாங்காது என்று ஒரேயடியாகச் சொல்வது மிகை. திடீரென ஏற்றுவதைத்தான் தாங்காது. கிலேட்டட் காப்பரை லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம் வரை, அமீன் சேர்ந்த காப்பரை 0.5 மில்லிகிராம் வரை, நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். இரண்டு வகைக்கும் அளவு வேறு. ஒன்றின் எண்ணை மற்றதற்குப் போட்டால் மீன் மிஞ்சாது. மீன் தீனியை விட்டால் ஏற்றுவதை நிறுத்தி, அதே அளவில் வைத்திருங்கள், தின்றபின் தொடருங்கள். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: காப்பர் இருக்கும் நீரில் அம்மோனியாவைக் கட்டுவதற்கான திரவங்களை ஊற்றக்கூடாது. அவற்றில் பல ஒடுக்கும் தன்மையுள்ளவை. காப்பரை மேலும் நச்சான வடிவத்துக்குக் கொண்டுபோகும். அம்மோனியா ஏறினால் அதே காப்பர் அளவுள்ள புது நீர் கலந்து நீர் மாற்றுவதே வழி.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு மட்டும் பயந்தால் மருந்தே இல்லாமல் தொட்டி மாற்றும் முறை உண்டு. ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, மறுபடி நீந்தும் குஞ்சுகளாக வெளிவரக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். அதற்குள் மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் உதிர்ந்தவை பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். முதல் நாள் மீனைத் தொட்டியில் விட்டு, 4, 7, 10, 13-ஆம் நாள்களில் மாற்றம். இடைவெளி 72 மணியைத் தாண்டக்கூடாது. வலை, குழாய், ஹீட்டர் எதுவும் பழைய தொட்டியிலிருந்து ஈரத்தோடு வரக்கூடாது. மணல் பெட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் புது மணல். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய்க்கு இந்த முறை உதவாது. மேலே தூசி படிந்ததுபோல் மின்னும் படலம், வேகமான மூச்சு, ஒளியைக் கண்டு ஒதுங்கல் தெரிந்தால் காப்பருக்குப் போக வேண்டும், அதுவும் அன்றே.

மீனின் உடலில் ஒட்டும் தட்டைப் புழுக்களுக்கு, வெப்பமும் பி.எச்.சும் சமப்படுத்திய நன்னீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால், எள்ளளவில் வெள்ளையாகக் கீழே உதிர்வது கண்ணுக்குத் தெரியும். பிராசிகுவாண்டல் என்ற புழுக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் போட்டு, முட்டைகளை மருந்து தொடாது என்பதால் ஒரு வாரத்தில் மறுபடி போட வேண்டும். மருந்துள்ள நீரில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் குறையும். காற்றுக்கல் இரட்டிப்பாக ஓடட்டும். காப்பரையும் இதையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். மீன் சுணங்கினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

மூடி

ராஸ் வளர்ப்பில் நோயைவிட அதிகம் கொல்வது தரை. குதிப்பது ஃபேரி, ஃப்ளாஷர்களின் தப்பிக்கும் வழி. கடலில் மேலே தலையிடிக்க ஒன்றுமில்லை. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள தெளிவான வலையை அலுமினியச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டுவது நல்லது, சின்ன ஃப்ளாஷர்களுக்கு 3 மில்லிமீட்டர். விளக்குத் தடுப்பாகப் பயன்படும் கட்டக்கட்டமான பிளாஸ்டிக் தட்டின் ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல். ஒல்லியான மீன் அதன்வழி அம்புபோல் போய்விடும். மூடி போட்டபின் மிஞ்சும் ஓட்டைகளில்தான் மீன் போகும்: திரும்பும் குழாய் நுழையும் மூலை, ஒயர் இறங்கும் வெட்டு, தீனிபோடும் கருவியின் வாய். நீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவின் பல் இடைவெளியையும் வலையால் மூடுங்கள். விளக்கு ஒரே நொடியில் அணைவதுதான் பெரும்பாலான பாய்ச்சலுக்குக் காரணம். ஒரு மணி நேரத்தில் மெல்ல மங்கும்படி அமைத்து, புது மீன் வந்த முதல் வாரம் இரவில் மங்கலான நீல ஒளி ஒன்றை விட்டுவைக்கலாம்.

யாரோடு யார்

நான்கடி நீளம், 300 லிட்டருக்கு மேல் இருந்தால் நடுத்தர ஃபேரி ராஸ்களை யோசிக்கலாம். ஃப்ளாஷர்கள் 150 லிட்டரில் இருந்துவிடும். சேர்க்கும் வரிசை சாதுவிலிருந்து சண்டைக்காரர் நோக்கி: லெபர்ட்டும் பென்சிலும் முதலில், பிறகு ஃப்ளாஷர், கடைசியில் ஃபேரி. சிக்ஸ்லைன் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் அரிய ராஸை விடும் எண்ணத்தைக் கைவிடுங்கள், அல்லது சிக்ஸ்லைனைப் பிடித்து வெளியேற்றுங்கள், நடுவழி கிடையாது. புதியதைத் துளையிட்ட தெளிவான அக்ரிலிக் பெட்டியில் மூன்று முதல் ஏழு நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பழையவை பெட்டியைச் சுற்றித் துடுப்பு விரித்து மோதுவதை நிறுத்தியபின் திறந்துவிட வேண்டும். ஆண்களைச் சேர்ப்பதில் வெவ்வேறு குழுக்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பிறைவால், ஒரு கொடிமுள், ஒரு ரோம்பாய்டாலிஸ் என்பதுபோல். முன்னே பெயர் பிடிக்கப் பட்ட பாடு இங்கேதான் பலன் தரும்.

தனியாக வைத்த ஆண் மாதங்களில் மங்கும். காட்டிக்கொள்ள ஆளில்லாவிட்டால் நிறத்தைத் தாங்கி நிற்க அதற்குத் தேவையில்லை. தன்னினத்தின் இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேறு குழுவின் ஆணோ, ஃப்ளாஷர் கூட்டமோ அந்த வேலையைச் செய்யும். பெண்களை முதலில் அல்லது ஆணோடு சேர்த்தே விடுங்கள். பெண்கள் மட்டும் நெடுநாள் இருந்தால் பெரியது ஆணாகிவிடும், பிறகு வாங்கி வந்த ஆணுக்கு அங்கே இடமில்லை. பெண் என்று வாங்கியவற்றில் ஒன்றுக்கு வயிற்றுத் துடுப்பு நீளத் தொடங்கினால், உடனே பிரிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனாம்ப்சிஸ் ஃபெமினினஸ் இதில் தலைகீழ்: ஆரஞ்சு உடலில் நீலக் கோடுகள் ஓடும் அழகு பெண்ணுக்குரியது. அது ஆணாகிவிட்டால் வாங்கியவர் முகம்தான் பாவம்.

தீனி

மிதக்கும் இரை தின்னும் ஃபேரி, ஃப்ளாஷர்களுக்கு நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் முடியும் அளவு. மைசிஸ், கலானஸ், செறிவூட்டிய ஆர்ட்டீமியா ஆகிய இறாலினத்துச் சிற்றுயிர்கள், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான குறுணை. சிவப்பும் ஆரஞ்சும் நிலைக்க அஸ்டாசாந்தின் என்ற நிறமி உள்ள தீனி வேண்டும். கலானஸில் அது இயல்பாகவே உண்டு. ஆழ்கடல் மீன்களுக்கு வெப்பம் 22 முதல் 25 டிகிரிக்குள் இருப்பதும், முதல் சில வாரம் விளக்கைப் பாதியாகக் குறைப்பதும் தீனி பிடிப்பதை விரைவுபடுத்தும்.

லெபர்ட் ராஸ் வேறு பிறவி. அது நாள் முழுவதும் பாறையிலும் மணலிலும் ஓடுள்ள நுண்ணுயிரான ஃபோராமினிஃபெரா, நுண்நத்தை, இறாலினத்து நுண்ணிரையான கோபிபாட் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கும். ஒரு கண்ணைத் திருப்பிப் பாறையை உற்றுப்பார்த்து, சரிந்து, ஒரு கொத்து. மறுபடி அடுத்த அடி. ஆறு மாதத்துக்குக் குறைந்த தொட்டியில் பொறுக்க ஒன்றுமிருக்காது. உயிருள்ள ஆர்ட்டீமியாவில் தொடங்கி, உறைந்ததைக் கலந்து, மைசிஸுக்கு வருவதற்கு வாரங்கள் ஆகலாம். மாண்டரின் மீன் ஏற்கெனவே இருந்தால் கோபிபாட்டுக்குப் போட்டி. மணல் 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் பரலும் 5 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கட்டும். கூரான நொறுக்குப் பவளம் உடலைக் கீறும்.

புதிதாக விட்ட லெபர்ட் ராஸ் நாலைந்து நாள், சில சமயம் பத்து நாள்கூடக் காணாமல் போகும். அது பிடிபட்ட கடலின் பகலிரவுக் கணக்கிலேயே இருக்கிறது: நம் பகலில் புதைந்து, நம் இரவில் வெளிவரும். செத்திருக்குமோ என்று மணலைக் கிளறுவதுதான் அதைக் கொல்லும். அம்மோனியாவை மட்டும் சோதித்துக்கொண்டிருங்கள். விளக்கு அணைந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் சிவப்பு டார்ச்சால் பார்த்தால் பெரும்பாலும் நீந்திக்கொண்டிருக்கும். அந்த வேளையில் கொஞ்சம் உயிர்த்தீனி விடுங்கள். நாளொன்றுக்குச் சிறிது முன்னதாக எழத் தொடங்கி, தானாக உங்கள் விளக்கு நேரத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு மீனுக்கும் மாதம் ஒரு பக்கவாட்டுப் படம், வெள்ளை ஒளியில், தேதியோடு சேமித்துவையுங்கள். பெண்ணாக வந்தது எந்த மாதம் எந்தத் துடுப்பை நீட்டியது என்பதற்குப் பல அரிய இனங்களில் எழுத்துச் சான்றே குறைவு. மீன் இறந்துபோனால் வால் துடுப்பில் ஒரு துண்டை 95 சதவீத எத்தனாலில் போட்டு, பிடித்த இடத்தை எழுதி வைக்கலாம். அண்மையில் பிரிந்த சில குழுக்களில் மரபணுப் பட்டைக்குறியும் (டி.என்.ஏ. பார்கோடு) இனத்தைப் பிரித்துக் காட்டாது; அங்கே உயிரோடிருந்தபோது எடுத்த படமும் இடமும்தான் பேசும்.